‘கிளியர்’ என்று கேட்ட சத்தம்

பாண்டி கேட்டது நைன் எம்.எம். பிஸ்டலைப் பற்றி. அவன் இப்போது வடக்கே ஒரு யூனிட்டில் ஆர்மரர், அதாவது ஆயுதங்களைப் பழுது பார்த்துச் சரியாக வைத்திருக்கும் ஆள். நான் ராணுவத்திலிருந்து வெளியே வரும்போது எனக்குக் கீழே இருந்தான். புது ரகப் பிஸ்டல்கள் வரப்போவதாகவும் பழையது மெல்லப் போய்விடும் என்றும் அங்கே பேச்சாம். “அண்ணே, அதப் பத்தி ஒங்களுக்குத் தெரிஞ்சத நம்ம முன்னாள் படைவீரர் மலருக்கு எழுதிக் குடுங்கண்ணே. பயலுக எல்லாம் படிப்பாய்ங்க” என்று போனில் சொன்னான்.

போன வருஷம் கேட்டிருந்தால் ஒரே மூச்சில் எழுதியிருப்பேன். இப்போது எழுத உட்கார்ந்தால் மனசு ஒரு இடத்தில் நிற்பதில்லை. பிஸ்டலைப் பற்றி ஆரம்பித்தால் மகளிடம் போய் நிற்கிறது. மகளைப் பற்றி நினைத்தால் பிஸ்டலுக்கு வந்துவிடுகிறது. இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. வருகிறபடியே எழுதிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிஸ்டல் பெல்ஜியத்தில் பிறந்தது. வரையத் தொடங்கியவர் ஓர் அமெரிக்கர். வேலை முடியுமுன்பே இறந்துபோனார். அவரோடு இருந்த பெல்ஜியக்காரர் ஒருவர் பல ஆண்டுகள் உழைத்து முடித்தார். இப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டது பிரெஞ்சு ராணுவம். கடைசியில் அவர்கள் அதை வாங்கவே இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பெல்ஜியத்தைப் பிடித்தபோது, அது செய்யப்பட்ட தொழிற்சாலையிலேயே அவர்களுக்காகவும் அதே பிஸ்டல் தயாரானது. அதற்குள் அதன் செய்முறை கடல் தாண்டிக் கனடாவுக்குப் போய், சீன ராணுவத்துக்கும் பிரிட்டிஷ் பக்கத்துப் படைகளுக்கும் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. எதிரெதிராக நின்றவர்கள் இடுப்பில் ஒரே பிஸ்டல். பிறகு நம் நாட்டிலும் செய்தோம். பதின்மூன்று குண்டு பிடிக்கும் மேகசின் அந்தக் காலத்தில் பெரிய விஷயம். மற்றவற்றில் பெரும்பாலும் ஏழு, எட்டுதான்.

வாங்காமல் போன பிரெஞ்சுக்காரர்கள் கேட்ட ஒரு ஏற்பாடு மட்டும் அதில் நிலைத்துவிட்டது. மேகசினைக் கழற்றிவிட்டால் ட்ரிகர் வேலை செய்யாது. குழலின் பின்னால் ஒரு குண்டு மறந்துபோய்க் கிடந்தாலும் வெடிக்காது. மறதிக்காரனைக் காப்பாற்றுவதற்காக வைத்தது. இந்தச் சின்ன ஏற்பாட்டால் எங்கள் வேலையில் ஒரு முறை உண்டானது. அதைச் சொல்ல வேண்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சமயநல்லூருக்கு மேற்கே விவசாயக் குடும்பம். பிளஸ் டூ முடித்ததும் ஆள்சேர்ப்பில் ஓடினேன், எடுத்தார்கள். எண்ணெய், அரம், இந்தி ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கற்றேன். முதல் யூனிட்டில் எனக்கு மேலே இருந்தவர் சுபேதார் நேகி. இமயமலைப் பக்கத்து மனிதர். குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஆயுத அறையில் ஒருவர் பிஸ்டலைத் திருப்பிக் கொடுக்கும்போது “காலி ஹை, சாப்” என்று சொன்னால், அந்த வார்த்தையே காற்றில் வராத மாதிரி நிற்பார். கையை நீட்ட மாட்டார். முறைக்கவும் மாட்டார். கொண்டுவந்தவர் தானாகப் புரிந்துகொண்டு மேகசினைக் கழற்றி, குழலுக்கு மேலே நகரும் கூடான ஸ்லைடை இரண்டு முறை இழுத்து, திறந்தபடி நிறுத்திக் காட்ட வேண்டும். ஒருமுறை கமாண்டிங் ஆபீசரே அவசரமாக வந்து, “எம்ப்டிதான் நேகி” என்று நீட்டினார். நேகி கையைப் பின்னால் கட்டியபடி அன்பாகச் சிரித்துக்கொண்டே நின்றார். அந்தக் கர்னல் வெளியே காத்திருந்த ஜீப்பைப் பார்த்தார், நேகியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டு மேகசினைக் கழற்றினார்.

திறந்து காட்டியதும் நேகி குனிந்து பார்ப்பார். சுண்டு விரலை உள்ளே விட்டுத் தடவுவார். அதற்குப் பிறகுதான் அந்த முறை வருகிறது. ஸ்லைடை முன்னால் விட்டதும் உள்ளே ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு நிற்கும். அப்படியே அலமாரியில் வைக்கக்கூடாது. ட்ரிகரை அழுத்தித் தளர்த்த வேண்டும். ஆனால் மேகசின் இல்லாமல் ட்ரிகர்தான் வேலை செய்யாதே! அதனால் ஒரு காலி மேகசினை மறுபடி உள்ளே தள்ளி, குழலைத் தரையில் இருக்கும் மணல் பெட்டிக்கு நேராகப் பிடித்து, ட்ரிகரை அழுத்த வேண்டும். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அதோடு வேலை முடிந்தது. வேறு ரகப் பிஸ்டல்களில் மேகசின் உள்ளே இருந்தால் எச்சரிக்கை. எங்கள் பிஸ்டலில், வேலை முடிந்து பத்திரமான நிலையிலும் மேகசின் உள்ளேதான் இருக்கும். இத்தனை வருஷமும் எனக்கு இது விசித்திரமாகப் பட்டதே இல்லை.

விடுமுறையில் மதுரைக்கு வந்தால் சினிமா. அங்கேதான் எனக்கும் என் மனைவி செல்விக்கும் சண்டை வரும். படத்தில் நாயகன் மிரட்டுவதற்கு ஒருமுறை ஸ்லைடை இழுப்பான். வசனம் பேசிவிட்டு மறுபடி இழுப்பான். வில்லன் சிரித்தால் இன்னொரு தடவை. ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளே இருக்கும் நல்ல குண்டு வெளியே தெறித்து விழ வேண்டும். விழாது. நான் வாய்விட்டு எண்ணுவேன். “பதினாலு, பதினஞ்சு, பதினாறு… இன்னும் சுடுறான் பாரு.” முன் வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி, “அண்ணே, கணக்கு வாத்தியாரா நீங்க? படத்தப் பாக்க விடுங்கண்ணே” என்றார். செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். “இனிமே ஒங்ககூட படத்துக்கு வந்தா என்னக் கேளுங்க.”

நம் பத்திரிகைகளுக்கும் படங்களுக்கும் எல்லாக் கைத்துப்பாக்கியும் ரிவால்வர்தான். வெளிநாட்டுத் துப்பறியும் படங்களில் எங்கள் பிஸ்டல் நிஜமாகவே அடிக்கடி வரும். வீட்டு டிவியில் அது வந்தால் நான் எழுந்து நின்றுவிடுவேன், சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி. ஆனால் அதற்கு ஊர் உலகத்தில் ‘ஹை பவர்’ என்று பேர் என்பதை எனக்குப் பழக்கிவிட்டது என் மகள் நிவேதாதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கம்ப்யூட்டரில் ஏதோ சண்டை விளையாட்டு விளையாடுவாள். ஒருநாள் பின்னால் போய் நின்றேன். திரையில் ஒரு கை அதைப் பிடித்திருந்தது.

“நைன் எம்.எம்.!” என்றேன்.

“ஹை பவர்ப்பா. பதிமூணு குண்டு. ரீலோடு கொஞ்சம் ஸ்லோ” என்றாள் திரும்பாமலே.

அவள் உண்மையில் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. யூனிட்டில் குடும்பங்களை ஆயுத அறைப் பக்கம் விடமாட்டோம். எனக்குச் சந்தோஷமாக இருந்ததா, பயமாக இருந்ததா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஓய்வுக்குப் பிறகு மதுரை கே.கே. நகரில் குடியேறினோம். நிவேதா கல்லூரி முடித்து சினிமாவில் உதவி இயக்குநராகச் சேர்ந்தாள், நான்காவதோ ஐந்தாவதோ உதவியாளராக. செல்விக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் உள்ளூரக் கவலைதான். அவள் வேலை பார்த்த படத்தில் நாயகன் ஒரு முன்னாள் ராணுவக்காரன். சமயநல்லூர்ப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு அரிசி ஆலையில் படப்பிடிப்பு. “துப்பாக்கி பிடிக்கிறது நெசம் மாதிரி இருக்கணும்” என்று இயக்குநர் சொன்னாராம். “எங்க அப்பா இருக்காரு சார்” என்று இவள் சொல்லிவிட்டாள். அப்படித்தான் நான் அங்கே போனேன். மகளுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்பதும் ஒரு காரணம்.

சென்னையிலிருந்து வந்த பிஸ்டல், அச்சு அசலாக எங்கள் நைன் எம்.எம். போலவே செய்யப்பட்டது. குண்டு போகாது. வெறும் மருந்து வைத்த தோட்டா, பிளாங்க் என்பார்கள், அது மட்டும் வெடிக்கும். நெருப்பும் சத்தமும் உண்டு. மேகசினைக் கழற்றினால் இதிலும் ட்ரிகர் அழுந்தவில்லை. செய்தவன் எவனோ, அதைக்கூட விடாமல் செய்திருக்கிறான். எனக்கு அவன்மேல் மரியாதையே வந்தது.

படப்பிடிப்பு யூனிட்டில் என்னை ‘ஆர்மி அண்ணே’ என்றார்கள். லைட்மேன் ஒருவர் தினமும் சல்யூட் அடிப்பார். “அண்ணே, பார்டர்ல எம்புட்டுப் பேரச் சுட்டீங்க?” என்று கேட்டார். “ஒருத்தரயும் இல்லப்பா, துப்பாக்கிக்கு எண்ணெய்தான் போட்டேன்” என்றதும், “அட, நீங்களும் நம்மளப் போல டெக்னீசியன்தானா!” என்று சிரித்தார்.

நான் இரண்டு வார்த்தை ஏற்பாடு செய்தேன். பிளாங்க் போட்டுக் கொடுத்தால் ‘லோடட்’ என்பேன். எல்லோரும் விலக வேண்டும். காலி செய்து பார்த்துவிட்டால் ‘கிளியர்’ என்பேன். அருகில் வரலாம். நேகி பார்த்திருந்தால் சிரித்துக்கொண்டே நின்றிருப்பார். ஆனால் படப்பிடிப்பில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உள்ளே காட்டிக்கொண்டிருக்க முடியாது. நாயகனாக நடித்தவருக்கு, ட்ரிகரைப் பூட்டி வைக்கும் சேஃப்டி உட்பட, முழு முறையையும் கற்றுக் கொடுத்தேன். நல்ல மனிதர். மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகும் பழகுவார். “கிளியர்னா, காலி மேகசின் உள்ள இருக்கும். சேஃப்டிய இறக்கி, தரையப் பாத்துப் புடிச்சு, டிக். சரியாண்ணே?” என்று கேட்டு, என் ‘கிளியர்’ வந்ததும் அதைச் செய்து முடிப்பதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொண்டார்.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. இல்லை, தெரியும், காதில் தினமும் விழுந்தது, ஆனால் உறைக்கவில்லை. படப்பிடிப்பிலும் ஒரு கிளியர் உண்டு. கேமராவுக்கு முன்னால் வேண்டாத ஆளோ பொருளோ இல்லை என்றால், உதவி இயக்குநர் ‘ஃபீல்டு கிளியர்’ என்று குரல் கொடுப்பார். அது நிவேதாவின் வேலை.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு ஷாட். நாயகன் நிற்க வேண்டும். எதிரே யாருமில்லை. சுடப்படுகிறவனைத் தனியாக எடுப்பார்கள். நான் பிளாங்க் போட்டு, சேஃப்டியை ஏற்றி, அவர் கையில் கொடுத்து ‘லோடட்’ என்றேன். எல்லோரும் விலகினார்கள். நான் கேமராவுக்குப் பின்னால் போனேன். கேமரா இன்னும் ஓடவில்லை. கேமராமேன், “கீழ வாட்டர் பாட்டில் கெடக்கு” என்றார். நாயகனுக்கு முன்னால் தரையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். நிவேதா குறுக்கே ஓடிக் குனிந்தாள்.

நான் அவளைப் பார்த்தேன். கையில் வெடி வைத்திருக்கும் ஒருவருக்கு முன்னால் என் மகள் குனிந்திருக்கிறாள். ஏதோ கத்தினேன். அதே நேரம் அவளும் வாக்கி டாக்கியில் ஏதோ சொன்னாள். நாயகன் சேஃப்டியை இறக்கினார். கற்றுக் கொடுத்தபடியே குழலைத் தரைக்கு நேராகப் பிடித்தார். ட்ரிகரை அழுத்தினார்.

கூரைத் தகரம் அதிர்ந்தது. புறாக்கள் எல்லாம் கிளம்பின. நிவேதா உட்கார்ந்துவிட்டாள். இடது கன்னத்தில் கரும்புள்ளிகள். கையால் காதைப் பொத்தியபடி என்னைப் பார்த்தாள். வாய் அசைந்தது. அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை, என் காதிலும் இரைச்சல்தான். நாயகன் பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டு, “கிளியர்னு சொன்னீங்களே… கிளியர்னு சொன்னீங்களே…” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? மகளிடம் ஓடவில்லை. பிஸ்டலை எடுத்து மேகசினைக் கழற்றினேன். கை அதுவாகச் செய்தது. செல்வியிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் காது மூக்கு டாக்டர் பார்த்தார். இடது காதின் சவ்வில் ஓட்டை. தானாகவே மூடிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. உள் நரம்பு எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று போகப் போகத்தான் தெரியும் என்றார். முகத்துப் புள்ளிகள் மறைந்துவிடும். கண் தப்பியது. செல்வி என்னிடம் பேசவே இல்லை. டாக்டரிடம் மட்டும், “இவரு துப்பாக்கியப் பாத்துக்குவாருன்னுதான் சார் பிள்ளைய அனுப்பிச்சேன்” என்றாள்.

தயாரிப்பு நிர்வாகி பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. “யார் சொன்ன கிளியர்னு மேல கேக்குறாங்கண்ணே. ஏதாவது ஒரு ஆளச் சொல்லியாகணும்.”

அவர் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார். லைட்மேன் ஆண் குரல் என்று சொன்னாராம். மேக்கப் அம்மா, வாக்கியில் வந்த பெண் குரல் என்றாராம். நாயகனிடம் கேட்டதற்கு, “கேட்டுச்சு, அம்புட்டுதான் தெரியும்” என்று அழுதாராம்.

நான் யோசித்துப் பார்த்தேன். இன்றைக்கும் யோசிக்கிறேன். மகளைப் பார்த்ததும் நான் கத்த நினைத்தது, “சார், கிளியர் பண்ணுங்க” என்று. உடனே காலி செய்யுங்கள் என்ற கட்டளை. ராணுவத்தில் கட்டளைக்கு ஒரு சொல், முடிந்தது என்று சொல்ல வேறு சொல். ‘காலி கர்’, ‘காலி ஹை’. இங்கே எனக்கு இரண்டுக்கும் ‘கிளியர்’தான் இருந்தது. ‘பண்ணுங்க’ என்பது என் வாயிலிருந்து வெளியே வந்ததா? அல்லது கிளியர் என்பதே வராமல் வெறுமனே ‘ஏய்’ என்று மட்டும் கத்தினேனா? அவள் ‘ஃபீல்டு கிளியர்’ என்று முழுதாகச் சொன்னாளா? வாக்கியின் பொத்தானை அழுத்திய கணத்தில் முதல் சொல் விழுந்துவிடும் என்பார்கள். அதுவாகவும் இருக்கலாம். நாயகன்மேல் குற்றம் சொல்லவே முடியாது. அந்தச் சொல் காதில் விழுந்ததும் யோசிக்காமல் செய்யுமளவுக்கு அவர் கை பழகியிருந்தது. அவர் கையிலிருந்த பிஸ்டலில் மேகசின் இருந்தது. காலி செய்த பிறகும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக் கொடுத்தவன் நான். எவரோ எந்தக் காலத்திலோ ஆளைக் காப்பாற்ற வேண்டுமென்று கேட்டுச் சேர்த்த ஒரு ஏற்பாடு. அதிலிருந்து வந்த முறை. அந்த முறையில் யாரும் ஒன்றும் தவறவில்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

நிர்வாகியிடம், “என் பேர எழுதிக்கங்க. நான் பென்சன்காரன், எனக்கு ஒண்ணும் போகாது” என்றேன். நிவேதாவின் பேரை எழுதினால் அடுத்த படத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? தகவல் கேட்டதும் கதவைச் சாத்துகிற தொழில் அது.

உள்ளறையிலிருந்து நிவேதா எழுந்து வந்தாள். காதில் பஞ்சு.

“அண்ணே, நான்தான் சொன்னேன். ஃபீல்டு கிளியர்னு சொல்லாம அவசரத்துல கிளியர்னு சொல்லிட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லல.”

“பாப்பா, நீ உள்ள போ.”

“நீங்க என்ன சொன்னீங்கன்னு ஒங்களுக்கே தெரியலல்லப்பா? எனக்குத் தெரியும். நீங்க சும்மா கத்துனீங்க.”

நிர்வாகி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒருத்தரும் ஒத்துக்காத எடத்துலதான் எனக்குப் பழக்கம். ரெண்டு பேரும் நான்தான்னா நான் என்ன பண்றது?” என்றார். செல்வி சமையலறை வாசலில் நின்று, “பிள்ள பேர எழுதாதீங்க தம்பி” என்றாள். கடைசியில் எழுதியது நிவேதாவின் பெயரைத்தான். அவள் விடவில்லை.

நல்லவேளை, இயக்குநர் அவளைக் கைவிடவில்லை. அடுத்த கட்டப் படப்பிடிப்பு சென்னையில். வரச் சொல்லிவிட்டார். ஆனால் களத்தில் குரல் கொடுக்கும் வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. இவள் காட்சிக்குக் காட்சி நடிகர்களின் உடை மாறிவிடாமல் பார்த்துக்கொள்கிறாள். வலது காதில்தான் போன் பேசுகிறாள். வாக்கியில் இனி யாரும் வெறும் ‘கிளியர்’ என்று சொல்லக்கூடாது என்று இயக்குநர் உத்தரவு போட்டிருக்கிறாராம். பிஸ்டல் காலி என்றால் எல்லோரும் பார்க்கத் திறந்து காட்ட வேண்டுமாம். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். “நான்தான்ப்பா. ஒங்க நேகி சாப் கதை” என்றாள். பாண்டி, உங்கள் பேட்ச் பையன்களுக்கு வேண்டுமானால் இதைச் சொல். எனக்கு வேறு முடிவு ஒன்றும் எட்டவில்லை.

போன வாரம் அவளைச் சென்னை பஸ் ஏற்றிவிட மாட்டுத்தாவணிக்குப் போனோம். அவள் ஸ்கூட்டி ஓட்டினாள், நான் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாலை நெரிசல். ஒரு சிக்னலில் நின்றோம். அவள் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாளா என்ற கேள்வி எத்தனையோ நாளாக நெஞ்சில் கிடந்தது. வீட்டில் செல்வி இருப்பாள். இங்கேதான் கேட்க முடியும்.

“பாப்பா, நெசமாவே நீதான் சொன்னியா? இல்ல நானா?”

கேட்ட பிறகுதான் கவனித்தேன், நான் சாய்ந்திருந்தது அவளுடைய இடது தோள் பக்கம். அவள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாள்.

“என்னப்பா?”

கேட்கவில்லையா, கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாளா, கண்ணாடியில் தெரிந்த கண்ணை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. வலது பக்கம் நகர்ந்து இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

“ஒண்ணுமில்ல தாயி, ரோட்டப் பாத்துப் போ” என்றேன்.